குறுக்கே வந்தது உடலா, உள்ளமா?

மே மாதத்து மாலை ஐந்து மணி. நங்கநல்லூர்த் தெருக்களில் வெயில் சற்றே தணிந்து, பள்ளி விடுமுறையில் இருக்கும் சிறுவர்கள் மட்டையும் டென்னிஸ் பந்துமாகக் காலி மனைகளைத் தேடிப் புறப்படும் நேரம். வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகளாய் உயர்ந்துவிட்ட இவ்வூரில் காலி மனை என்பது கிடைத்தற்கரிய செல்வம். அத்தகைய மனையொன்றில், செங்கற்களை அடுக்கி ஒரு முனையிலும், மூன்று குச்சிகளை நட்டு மறு முனையிலும் விக்கெட் அமைத்து, இரு தெருச் சிறுவர்கள் சென்ற ஆண்டு கோடையில் போட்டி ஒன்று நடத்தினர். வழியோடு போன நம்மை நிறுத்தி, "ஃபாதர், நீங்க அம்பயரா நில்லுங்க. நாங்க நின்னா சண்டை வருது" என்று வேண்டினர். குருமடத்தில் பயின்ற நாட்களில் நாமும் மட்டை பிடித்தவரே. ஆகவே பெருமையோடு இசைந்தோம். சண்டை வரக்கூடாது என்பதற்காக நிறுத்தப்பட்ட நாமே ஒரு பெரும் மனத்தாங்கலுக்குக் காரணமாவோம் என்று அப்போது நினைக்கவில்லை.

கடைசி ஓவரில் இரண்டு பந்துகள் மீதமிருந்தன. வெற்றிக்கு வேண்டியவை மூன்று ஓட்டங்கள். பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் பந்தைப் பின்புறச் சுவர் நோக்கித் தட்டிவிட்டு ஓடினான். ஒரு ஓட்டம் முடிந்தது. இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிப் பாதி தூரம் போயிருப்பான். எதிர்முனையில் இருந்த கூட்டாளி "வேணாம், வேணாம்" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து, மீனம்பாக்கத்தில் இறங்கவிருந்த விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு தாழப் பறந்தது. கூட்டாளியின் குரல் அவன் காதில் தாமதமாகவே விழுந்தது போலும். சடாரென நின்று, திரும்பி, நாம் நின்ற முனையை நோக்கி ஓடி வந்தான். பின்னாலிருந்து விக்கெட்டைக் குறிவைத்து எறியப்பட்ட பந்து அவன் முதுகில் பட்டு விழுந்தது.

எதிரணியினர் ஒரே குரலில் ஆர்ப்பரித்தனர். "குறுக்க வந்துட்டான் ஃபாதர்! ஜடேஜாவுக்குக் குடுத்தாங்கல்ல, இவனுக்கும் குடுங்க!" நாம் ஒரு கணம் தயங்கினோம். பிறகு விரலை உயர்த்தினோம்.

"ஃபாதர், நான் பந்தைப் பாக்கவே இல்ல" என்றான் சிறுவன்.

"தம்பி, அம்பயர் சொல்வதே முடிவு" என்றோம் நாம்.

அடுத்து வந்தவன் கடைசிப் பந்தைத் தொடவும் இயலாமல் போக, அவனது தெரு ஒரே ஓட்டத்தில் தோற்றது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி அது. முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லுமுன், அச்சிறுவர்கள் எடுத்துக்காட்டிய ஜடேஜாவின் வழக்கை வாசகர்கள் தெரிந்துகொள்வது நலம்.

சேப்பாக்கத்தில் நடந்தது

2024-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள். சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கும் ஐ.பி.எல். ஆட்டம். முதலில் ஆடிய ராஜஸ்தான் அணி 141 ஓட்டங்கள் எடுத்திருந்தது. சென்னை அணி அதனைத் துரத்துகையில், ஆவேஷ் கான் வீசிய பந்தை ரவீந்திர ஜடேஜா விக்கெட்டின் பின்புறமாகத் தட்டிவிட்டு ஓடினார். இரண்டாவது ஓட்டத்துக்கு முனைந்தபோது மறுமுனையிலிருந்த ருதுராஜ் கெய்க்வாட் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஜடேஜா திரும்பினார். விக்கெட் காப்பாளர் சஞ்சு சாம்சன், ஜடேஜா ஓடிக்கொண்டிருந்த முனையின் குச்சிகளை நோக்கிப் பந்தை எறிந்தார். பந்து ஜடேஜாவின் மேல் பட்டது. எதிரணியினர் முறையிட, மூன்றாம் நடுவர் படக்காட்சியை ஆராய்ந்து, ஜடேஜா திரும்பியபின் தம் ஓட்டப் பாதையை மாற்றிப் பந்தின் கோட்டுக்குக் குறுக்கே வந்தார் என்று முடிவு செய்து, 'களத்தடுப்புக்கு இடையூறு செய்தல்' என்ற விதியின்கீழ் ஆட்டமிழந்ததாக அறிவித்தார். ஜடேஜா தம் மறுப்பைக் காட்டியவாறே வெளியேறினார். சென்னை அணி அவ்வாட்டத்தில் ஐந்து விக்கெட் வேறுபாட்டில் வென்றுவிட்டதால் அந்தத் தீர்ப்பின் சூடு விரைவில் ஆறியது.

ஐ.பி.எல். போட்டிகளில் இவ்விதியின்கீழ் ஆட்டமிழந்த மூன்றாமவர் ஜடேஜா. அவருக்கு முன் 2013-இல் யூசுஃப் பதானும், 2019-இல் அமித் மிஸ்ராவும் இவ்வாறு வெளியேறினர். 2008-இல் தொடங்கி அன்றுவரை ஆண்டுதோறும் நடந்த இத்தனை ஆட்டங்களில் மூவரே என்றால், நடுவர்கள் இவ்விதியை எவ்வளவு தயக்கத்தோடு தொடுகின்றனர் என்பது விளங்கும்.

விதி கேட்கும் கேள்வி

கிரிக்கெட் விதிகளைக் காத்துவரும் இங்கிலாந்தின் எம்.சி.சி. கழகம் வகுத்த விதிகளில் 37-ஆவது விதி இதைப் பற்றியது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, மட்டையாளர் இருவரில் எவரேனும் சொல்லாலோ செயலாலோ எதிரணியினரை வேண்டுமென்றே தடுக்கவோ கவனம் சிதறச் செய்யவோ முயன்றால் அவர் ஆட்டமிழப்பார் என்பது அதன் சாரம். 'வேண்டுமென்றே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் விதி முழுவதும் நிற்கிறது. தற்செயலாக நேர்ந்த தடை குற்றமாகாது. காயம் படாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த செயலும் குற்றமாகாது. எதிரணியினர் முறையிட்டாலன்றி நடுவர் தாமாக விரலை உயர்த்தவும் கூடாது. இவ்வகையில் விழுந்த விக்கெட் பந்து வீசியவரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒருவருடைய உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்க எந்த நடுவராலும் இயலாது அன்றோ? ஆகவே பன்னாட்டு கிரிக்கெட் குழு 2011-இல் ஒருநாள் ஆட்டங்களுக்கும் இருபது ஓவர் ஆட்டங்களுக்கும் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. விக்கெட்டுகளுக்கிடையே ஓடும் மட்டையாளர், தக்க காரணம் இன்றித் தம் ஓட்டத் திசையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றி, அதன் மூலம் ரன் அவுட் முயற்சியைத் தடுத்ததாக நடுவர் கருதினால், முறையீட்டின்பேரில் அவரை ஆட்டமிழந்ததாக அறிவிக்கலாம். அந்த எறிதலால் அவர் உண்மையில் ரன் அவுட் ஆகியிருப்பாரா இல்லையா என்பது பொருட்டன்று. ஜடேஜாவின் வழக்கு இந்த விளக்கத்தின் வழியே முடிவு செய்யப்பட்டது. உள்ளத்தைக் காண இயலாத இடத்தில், கால் சென்ற தடத்தைக் கொண்டு உள்ளத்தை ஊகிக்கும் முறை இது. ஆனால் 'தக்க காரணம் இன்றி' என்ற சொற்களை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நாம் அந்த மாலையில் மறந்தது அவற்றைத்தான்.

பழைய வழக்குகள்

டெஸ்ட் ஆட்டங்களில் இவ்வாறு முதன்முதலில் ஆட்டமிழந்தவர் இங்கிலாந்தின் லென் ஹட்டன். 1951-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டம் அது. மேலெழும்பிய பந்து தம் விக்கெட்டின்மேல் விழுந்துவிடுமோ என்று அஞ்சி அவர் மட்டையால் அதைத் தள்ளினார். அந்தப் பந்தைப் பிடிக்கக் காத்திருந்த விக்கெட் காப்பாளர் ரஸ்ஸல் எண்டீனுக்கு அது தடையாயிற்று. விந்தை என்னவெனில், அதே எண்டீன் 1957-இல் கேப்டவுனில், மட்டை பிடித்து ஆடுகையில் பந்தைக் கையால் தொட்ட குற்றத்துக்காக ஆட்டமிழந்தார். டெஸ்ட் வரலாற்றில் அவ்வகையிலும் அவரே முதல்வர். பந்தைக் கையால் தொடுதல் என்ற அந்தத் தனி விதி 2017-இல் இடையூறு விதியோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் 2023 டிசம்பரில் மீர்ப்பூரில், விக்கெட்டை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்த பந்தைக் கையால் தள்ளிய வங்கதேசத்தின் முஷ்ஃபிகுர் ரஹீம், களத்தடுப்புக்கு இடையூறு செய்தவராக வெளியேற நேர்ந்தது.

நம் நாட்டு மொகிந்தர் அமர்நாத் இவ்விரு வகையிலும் அகப்பட்டவர். 1986-இல் மெல்போர்னில் பந்தைக் கையால் தொட்டும், 1989-இல் அகமதாபாத்தில் இடையூறு செய்தும் ஒருநாள் ஆட்டங்களில் அவர் ஆட்டமிழந்தார். பாகிஸ்தானின் இன்சமாம் உல் ஹக் 2006-இல் பெஷாவரில், சுரேஷ் ரெய்னா எறிந்த பந்தைத் தம் கிரீஸுக்கு வெளியே நின்று மட்டையால் தடுத்து வெளியேறினார். ஹட்டனின் செயலும் இன்சமாமின் செயலும் கண்ணால் காணத்தக்கவை. மட்டை அசைந்தது, பந்து நின்றது. ஐயம் எழுவது முதுகில் பந்து படும் வழக்குகளில்தான்.

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. விக்கெட்டை மறைத்துக் காலை வைத்தல் என்று நாம் அறிந்த எல்.பி.டபிள்யூ. விதி முதன்முதலில் 1774-இல் எழுதப்பட்டபோது, பந்தைத் தடுக்கும் நோக்கத்தோடு காலை வைத்தவரே ஆட்டமிழப்பார் என்றிருந்தது. 1788-இல் எம்.சி.சி. கழகம் விதிகளைத் திருத்தியபோது நோக்கத்தைப் பற்றிய அச்சொற்களை நீக்கிவிட்டது. கால் எங்கே இருந்தது, பந்து எங்கே போயிருக்கும் என்பவற்றைக் கண்ணால் காணலாம். நோக்கத்தைக் காண இயலாது என்ற அனுபவம் அதற்குள் வந்திருக்கவேண்டும். அதனால்தான் இன்று எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்தவரை எவரும் ஏமாற்றுக்காரர் என்று ஏசுவதில்லை. கால் மாட்டிக்கொண்டது, அவ்வளவே. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்து மேலே செல்வோம்.

தடுப்பவர் மறுபக்கத்தார் ஆனால்?

மட்டையாளர்தான் தடுப்பார் என்பதில்லை. பந்தைத் துரத்தும் அணியினரும் மட்டையாளரைத் தடுக்கலாம், திசைதிருப்பலாம், ஏமாற்றலாம். 41-ஆவது விதி இதைக் கவனிக்கிறது. வேண்டுமென்றே அவ்வாறு செய்ததாக நடுவர் கருதினால், மட்டையாடும் அணிக்கு ஐந்து ஓட்டங்கள் தண்டமாக அளிக்கப்படும். அந்தப் பந்து கணக்கில் சேராது. அடுத்த பந்தை எவர் எதிர்கொள்வது என்பதை மட்டையாளர்களே முடிவு செய்யலாம். பந்து கையில் இல்லாதபோது எறிவதுபோல் பாவனை செய்தலும் 2017 முதல் இதில் அடங்கும். அவ்வாண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியொன்றில் மார்னஸ் லபுஷேன் பந்தைப் பிடிக்கத் தவறியபின் எறிவதுபோல் கையை வீச, அவரது அணி ஐந்து ஓட்டங்களை இழந்தது.

ஆனால் 2021 ஏப்ரல் 4-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது வேறு. பாகிஸ்தானின் ஃபகார் ஜமான் 193 ஓட்டங்களோடு கடைசி ஓவரில் ஓடிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்க விக்கெட் காப்பாளர் குவின்டன் டி காக் மறுமுனையை நோக்கிக் கையைக் காட்டினார். பந்து அங்கேதான் போகிறது என்று எண்ணினாற்போல் ஃபகார் வேகத்தைக் குறைத்துப் பின்னே திரும்பிப் பார்த்தார். பந்தோ அவர் ஓடிவந்த முனையின் குச்சிகளைத் தாக்கியது. அவர் ரன் அவுட். டி காக் ஏமாற்ற எண்ணினாரா, அன்றித் தம் அணியினருக்கு ஏதோ சைகை காட்டினாரா? உலகம் முழுவதும் விவாதித்தது. நடுவர்கள் தண்டம் விதிக்கவில்லை. ஒரே கையசைப்பு, பார்த்த கண்கள் கோடி, தீர்ப்பு மட்டும் களத்தில் நின்ற இருவருடையது.

அமெரிக்க ஆட்டத்தில் இரு சொற்கள்

அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் இச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டுள்ளனர். மட்டையால் பந்தை அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம் என்பது அதன் அடிப்படை. அங்கே ஓடுபவர் களத்தடுப்பாளருக்கு இடைஞ்சல் செய்வதற்கு ஒரு பெயர். களத்தடுப்பாளர் ஓடுபவரின் வழியை மறிப்பதற்கு வேறொரு பெயர். முன்னதை 'குறுக்கீடு' என்றும், பின்னதை 'வழிமறிப்பு' என்றும் நாம் தமிழில் அழைக்கலாம்.

குறுக்கீட்டிலும் இரு வகை உண்டு. மட்டையால் அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முனைபவரின் வழியில் ஓடுபவர் வந்துவிட்டால், எண்ணம் எதுவாயினும் அவர் ஆட்டமிழப்பார். விலகிச் செல்வது அவர் கடமை. ஆனால் எறியப்பட்ட பந்தைத் தடுத்தால், வேண்டுமென்றே செய்தாரா என்று நடுவர் பார்க்கவேண்டும். 1978 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் அணியின் பில் ரஸ்ஸல் முதல் தளத்துக்கு எறிந்த பந்து, இரு தளங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பட்டுத் தெறித்தது. இடுப்பை அசைத்துக் கொடுத்தார் என்று எதிரணி வாதாடியது. வேண்டுமென்று செய்ததாக நடுவர்கள் ஏற்கவில்லை. நியூயார்க் அணி அவ்வாட்டத்தை 4-3 என்ற கணக்கில் வென்றது. நம் சேப்பாக்க வழக்குக்கு இது ஏறக்குறைய உடன்பிறப்பு. தீர்ப்பு மட்டும் நேர் எதிர்.

வழிமறிப்பில் எண்ணத்துக்கே இடமில்லை. 2013 அக்டோபர் 26-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில் உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம். கடைசிச் சுற்றில் கணக்கு 4-4. பாஸ்டன் அணியின் வில் மிடில்புரூக்ஸ் மூன்றாம் தளத்தருகே எறிபந்தைப் பிடிக்கப் பாய்ந்து, தவறவிட்டு, தரையில் விழுந்து கிடந்தார். எழுந்து ஓட முனைந்த செயின்ட் லூயிஸ் அணியின் ஆலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்தார். பிறகு எழுந்து தடுமாறி ஓடிய அவர் இறுதித் தளத்தை அடையுமுன் பந்து அங்கே வந்துவிட்டது. ஆயினும் மூன்றாம் தளத்து நடுவர் ஜிம் ஜாய்ஸ் தடை நேர்ந்த கணமே அதைச் சைகையால் அறிவித்திருந்தார். தடை நேராதிருந்தால் கிரெய்க் ஓட்டத்தை முடித்திருப்பார் என்று கொண்டு, இறுதித் தளத்து நடுவர் டேனா டிமூத் அவ்வோட்டத்தை வழங்கினார். ஆட்டம் 5-4 என்று அங்கேயே முடிந்தது. கீழே விழுந்து கிடந்தவர் என்ன செய்வார் என்று பாஸ்டன் தரப்பினர் குமுறினர். விதி அதைக் கேட்கவில்லை. பந்து கையில் இல்லை, வழி மறிபட்டது, இழந்ததைத் திருப்பிக் கொடு. அவ்வளவே.

இங்கே ஒரு நுட்பம் புலப்படுகிறது. வழிமறிப்பு விதி எவரையும் குற்றவாளி என்று அழைப்பதில்லை. இழந்தவருக்கு இழந்ததை மீட்டுத் தருகிறது. மறித்தவரின் நற்பெயரைத் தொடுவதில்லை. இடையூறு விதியோ, 'இவர் வேண்டுமென்றே செய்தார்' என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் தண்டிக்கிறது. முன்னதில் நடுவர் தவறினால் போவது ஓர் ஓட்டம். பின்னதில் தவறினால் போவது ஒருவருடைய பெயர். ஆகவே இழப்பை ஈடு செய்யும் இடத்தில் உள்ளத்தை ஆராயத் தேவையில்லை. ஆளைக் குற்றஞ்சாட்டும் இடத்தில் ஆராயாமல் வாய் திறக்கலாகாது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

உள்ளத்தைக் காண இயலாது. ஆனால் உள்ளம் வெளியே சில அடையாளங்களை விட்டுச் செல்கிறது. தேர்ந்த நடுவர் அவற்றைத்தான் தேடுகிறார். ஓடுபவரின் கண் எங்கே இருந்தது? எறிபவரைத் திரும்பிப் பார்த்தாரா? பார்த்தபின் பாதையை மாற்றினாரா, பார்க்குமுன்னரே மாற்றிவிட்டாரா? தமக்கு அருகிலுள்ள நேர்வழியை விட்டு வளைந்து சென்றாரா? கையோ மட்டையோ இயல்பாக அசைந்ததா, பந்தைத் தேடிச் சென்றதா? விலகுவதற்கு நேரம் இருந்ததா? பாதையை மாற்ற வேறு காரணம், அதாவது கூட்டாளியின் கூக்குரலோ, கால் வழுக்கலோ, எதிரே வந்தவர்மேல் மோதாமல் தப்பும் அவசரமோ இருந்ததா? இக்கேள்விகள் அனைத்துக்கும் விடை காண நடுவருக்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு விநாடிகள். பெரிய ஆட்டங்களில் மூன்றாம் நடுவருக்குப் படக்காட்சி உண்டு. அதிலும் ஓர் இடர் இருக்கிறது. மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்த செயலும் ஆர அமர யோசித்துச் செய்ததுபோல் தோன்றும்.

நம் சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் ஆடியவர். பின்னர் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றவர். ஆடிய ஆட்டங்களைவிட நின்று பார்த்த ஆட்டங்கள் மிகுதி என்பது ஒன்றே, அத்தொழிலைக் கற்றுத் தேற எத்துணைக் காலம் வேண்டும் என்பதை உணர்த்தும். ஒரு மாலை மட்டும் நின்ற நாம் எம்மாத்திரம்!

விதிகளில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. முறையிட்ட அணியின் தலைவர், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருமுன், நடுவரின் இசைவோடு முறையீட்டைத் திரும்பப் பெறலாம். 1980-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஜி. ஆர். விசுவநாத் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். 2011-இல் டிரென்ட் பிரிட்ஜில் இயான் பெல் ரன் அவுட் ஆனபின், தேநீர் இடைவேளையில் தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்று அவரை மீண்டும் ஆடச் செய்தார். பம்பாய் டெஸ்டில் இந்தியா தோற்றது. ஆயினும் விசுவநாத்தின் பெயரைச் சொல்லும்போது மக்கள் நினைப்பது அந்தத் தோல்வியை அன்று.

மீண்டும் அந்தக் காலி மனைக்கு

ஒரு வாரம் கழிந்தது. அவ்வழியே மாலைதோறும் சென்றபோதெல்லாம் அச்சிறுவனைக் காணவில்லை. விசாரித்தோம். "அவன் வரமாட்டான் ஃபாதர். எல்லாரும் அவனை 'சீட்டிங்'னு கூப்பிடுறாங்க" என்றான் ஒருவன். நாம் உயர்த்திய விரல் ஒரு பையனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

அன்றிரவு நாம் விதியை எடுத்து நிதானமாகப் படித்தோம். குருமடத்தில் அறநெறி கற்பித்த ஆசிரியர், ஒரு செயலை எடைபோடுகையில் செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று கற்பித்தது நினைவுக்கு வந்தது. அம்மூன்றில் நாம் பார்த்தது முதலாவதை மட்டுமே. சூழ்நிலை? கூட்டாளியின் கூக்குரல் இருந்தது. விமானத்தின் இரைச்சல் இருந்தது. பாதையை மாற்ற அவனுக்குத் தக்க காரணம் இருந்தது. நோக்கம்? இதை நினைக்கையில்தான் நமக்கு நெஞ்சு சுட்டது. நாம் நின்றது அவன் ஓடிவந்த முனையில். அவன் முகம் நமக்கு நேராக இருந்தது. அவன் ஒருமுறையும் பின்னே திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண்கள் நம் காலடியிலிருந்த கோட்டை மட்டுமே நோக்கியிருந்தன. சான்று முழுவதும் நம் எதிரே ஓடிவந்துகொண்டிருந்தது. நாமோ பின்னால் வந்த பந்தைப் பார்த்தோம். பிறகு கூச்சலைக் கேட்டோம்.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் திறந்த தாய், "வாங்க சாமி, இவன் ஏதும் தப்புப் பண்ணிட்டானா?" என்று பதறினார். "இல்லையம்மா, தப்புச் செய்தது நாம்தான். அதைச் சொல்லவே வந்தோம்" என்றோம். சிறுவன் உள்ளறையிலிருந்து வந்து நின்றான். நடந்ததை எடுத்துச் சொல்லி, "தம்பி, நீ பந்தைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். தீர்ப்பு தவறு" என்றோம். அவன் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "மேட்ச் போனா போகட்டும் ஃபாதர். இதை அவனுங்க முன்னாடி சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. ஊரறியச் சொன்ன தீர்ப்பைத் தனியறையில் திருத்தினால் போதாது. அன்று மாலை இரு தெருச் சிறுவர்களையும் அழைத்து, நாம் எங்கே தவறினோம் என்பதை விதியோடு விளக்கினோம். முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற இயலாது என்பதையும் சொன்னோம். எதிரணியின் தலைவனாக நின்ற பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப திரும்ப ஆடலாம் ஃபாதர். ஆனா நீங்க அம்பயர் வேணாம்" என்றான். அனைவரும் சிரித்தனர். அச்சிறுவனும் சிரித்தான். தீர்ப்பு நியாயமானதே என்று நாமும் ஒப்புக்கொண்டோம்.

பெற்றோர்களே, நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் விரலை உயர்த்தும் நடுவர்களே. கண்ணாடித் தம்ளர் உடைகிறது. தங்கையின் நோட்டில் மை கொட்டுகிறது. அண்ணன் ஓடும் வழியில் தம்பி நிற்கிறான். சிந்தியதைத் துடைக்கச் சொல்ல, உடைந்ததை அள்ளச் சொல்ல, எண்ணத்தை ஆராயத் தேவையில்லை. எவர் காரணமாயினும் சரி, செய்யவேண்டியதைச் செய்யச் சொல்லலாம். ஆனால் "வேணும்னே பண்ணினே" என்ற சொல்லை உதிர்க்குமுன், ஒரு கணம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவன் கண்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். கூச்சலிடுபவர்களின் குரலைக் கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். தவறாக எழுதிவிட்டால், எந்தப் பிள்ளைகளின் முன்னிலையில் எழுதினீர்களோ அவர்கள் முன்னிலையிலேயே அழித்து எழுதுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

அந்தக் காலி மனையில் இப்போது கட்டடம் எழும்புகிறது. சிறுவர்கள் வேறிடம் தேடிக்கொண்டனர். சென்ற வாரம் அவ்வழியே போகையில், அச்சிறுவன் தன்னினும் இளையவர்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கக் கண்டோம். ஓடிவந்த பையன் ஒருவன்மேல் பந்து பட்டது. உடனே கூக்குரல் எழுந்தது. அவன் விரலை உயர்த்தவில்லை. ஓடிவந்தவனின் அருகே சென்று, ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.